மங்கோலியர்கள் எல்லாரும் பௌத்தத்துக்கு வந்திருந்தா பேரரசு உடையாம இருந்திருக்குமா?

ஸ்டெப்பிவாசி:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டு இருக்குற கேள்வி, தெரிஞ்சவங்க வந்து பேசுங்க. மங்கோலியப் பேரரசு துண்டு துண்டா போனதுக்கு மதமும் ஒரு காரணம்னு நிறைய இடத்துல எழுதுறாங்க. வோல்கா பக்கம் இருந்த கோல்டன் ஹோர்டு, ஈரான்ல இருந்த ஈல்கான்கள், நடு ஆசியாவுல சகதாய் பரம்பரைனு மூணு பேரும் ஒவ்வொருத்தரா இஸ்லாத்துக்குப் போயிட்டாங்க, சீனாவுல செங்கிஸ் கானோட பேரன் குப்லாயோட பரம்பரை திபெத்திய பௌத்தத்தப் புடிச்சுக்கிச்சு, அதோட உறவு அறுந்துபோச்சுங்கறதுதான் அந்த வாதம். அப்படின்னா நாலு பேரும் பௌத்தத்துலயே நின்னிருந்தா?

இது சும்மா கற்பனைக்காக கேக்கல. அந்தக் காலத்த பாத்தா வாய்ப்பு நெஜமாவே இருந்திருக்கு. குப்லாய் பக்கத்துல பக்பாங்கற திபெத்திய லாமா, குப்லாயோட பட்டத்தரசி சாபி தீவிர பௌத்தர். ஈரான்ல ஈல்கான் ஆட்சிய தொடங்கின ஹுலாகு, குப்லாயோட தம்பி, பௌத்தத்த ஆதரிச்சவர், அவரோட பேரன் அர்குன் (1284–1291) வெளிப்படையாவே பௌத்தர், ஈரான் மண்ணுல விகாரைங்க கட்டி பிக்குகள வச்சு சோறு போட்டவர். கோல்டன் ஹோர்டுலயும் பெர்கே முஸ்லிமா இருந்தாரு சரி, ஆனா பின்னாடி வந்த டோக்தா (1291–1312) லாமாக்களயும் உய்குர் துறவிகளயும் மதிச்சவர்னுதான் பதிவு இருக்கு. அதாவது 1290 வாக்குல மூணு அரசவைல பௌத்தத்துக்கு நல்ல எடம் இருந்துச்சு. ஒரே ஒரு தலைமுறை கொஞ்சம் வேற மாதிரி திரும்பியிருந்தா கதையே மாறியிருக்கும்னு எனக்கு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?

கடலோடி:
நல்ல கேள்வி சகோ, ஆனா வரிசைய கவனிங்க. உடைஞ்சது முதல்ல, மதம் பிரிஞ்சது அப்புறம்.

1259ல பெரிய கானா இருந்த மோங்கே, குப்லாயோட அண்ணன், சீனாவுல சாகுறாரு. 1260லயே கூடப்பிறந்த தம்பிங்க குப்லாயும் அரிக் போகேயும் தனித்தனியா குரில்தாய் (கான தேர்ந்தெடுக்கற சபை) கூட்டி ரெண்டு பேருமே நான்தான் பெரிய கான்னு அறிவிக்கிறாங்க, 1264 வரைக்கும் சண்டை. இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன மத வித்தியாசம்? ஒரே அம்மா, சொர்காக்தானி பேகி, அவங்க நெஸ்டோரியன் கிறிஸ்தவர். அதுக்கப்புறம் கய்து, செங்கிஸோட மகன் ஓகதேயோட பேரன், 1301ல சாகுற வரைக்கும் குப்லாய் பரம்பரையோட மோதிக்கிட்டே இருந்தாரு. அவர் முஸ்லிம் இல்ல. பழைய மங்கோலிய வழிலயே இருந்தவர். பெரிய கான் பதவி எங்க தாத்தா வீட்டுலதான் இருந்திருக்கணும், 1251ல ஓகதேயோட தம்பி துலுயோட பசங்க தட்டிப் பறிச்சிட்டாங்கங்கறதுதான் அவரோட கோவம். இதுல புத்தர் வந்து என்ன செய்ய முடியும் சொல்லுங்க.

பட்டுப்பாதை:
கடலோடி சொன்னதோட இன்னொண்ணு சேத்துக்கறேன். பெர்கேயும் ஹுலாகுவும் 1262ல சண்டைக்குப் போனாங்கல்ல, அதத்தான் எல்லாரும் மதச் சண்டைக்கு உதாரணமா சொல்லுவாங்க. 1258ல பாக்தாத்த அழிச்சு கலீபாவ கொன்னதுல பெர்கேக்கு ஆத்திரம், அது உண்மை, இல்லைனு சொல்லல. ஆனா அவங்க மோதின எடம் எது? காக்கசஸ், அஜர்பைஜான். மேய்ச்சலுக்கு அத விட நல்ல நெலம் அந்தப் பக்கத்துல கெடயாது, தப்ரீஸ் வழியா போற வியாபாரம் வேற. அது எங்க பங்குனு ஜோச்சி பரம்பரை (கோல்டன் ஹோர்டு) நெனச்சுது, ஹுலாகு வந்து உக்காந்துட்டாரு.

இப்ப பாருங்க, மதம் மாற மாற இந்த சண்டை என்ன ஆச்சுனு. பெர்கே முஸ்லிம், ஹுலாகு பௌத்தம் பக்கம், சண்டை. அப்புறம் தலைகீழாச்சு, டோக்தா முஸ்லிம் இல்ல, ஈரான்ல கஸான் முஸ்லிம், அப்பவும் டோக்தா அஜர்பைஜான குடுனு கேக்குறாரு. அப்புறம் கோல்டன் ஹோர்டுல ஓஸ்பெக் கானும் முஸ்லிம், ஈரான்ல அபூ சயீதும் முஸ்லிம், அப்ப 1319ல ஓஸ்பெக் படையோட காக்கசஸ் தாண்டி வர்றாரு. கடைசில ஓஸ்பெக்கோட மகன் ஜானி பெக் 1357ல தப்ரீஸயே புடிச்சாரு. நூறு வருஷம், எல்லா விதமான மதச் சேர்க்கையும் வந்துபோச்சு, சண்டை மட்டும் அதே நெலத்துக்காகத்தான். மேற்குல ரெண்டு பக்கமும் ஒரே மதத்துக்கு வந்து பாத்தாச்சு, ஒத்துமை வரல. அது இஸ்லாமா இல்லாம பௌத்தமா இருந்திருந்தா மட்டும் எப்படி வரும்?

ஸ்டெப்பிவாசி:
பட்டுப்பாதை, இது வலுவான வாதம்தான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. இஸ்லாத்துக்குப் போன மங்கோலியர்கள் உள்ளூர் துருக்கியரோடயும் பாரசீகரோடயும் கலந்துட்டாங்க, கொஞ்ச நாள்ல மொழியே மாறிப்போச்சு. பௌத்தத்துக்குப் போயிருந்தா திபெத், மங்கோலியரோட பழைய தலைநகர் காரகோரம், சீனானு அவங்க கண்ணு கிழக்கு பாத்தே இருந்திருக்கும்ல? குப்லாய் பக்பாவ வச்சு 1269ல ஒரு எழுத்தே உருவாக்கினாரு, பேரரசுல இருக்கற எல்லா மொழிக்கும் ஒரே எழுத்துனு. அப்படி ஒரு பெரிய திட்டம் மனசுல இருந்த ஆளு மதத்தயும் அப்படி யோசிச்சிருக்க மாட்டாருனு எப்படி சொல்றது? 1270ல பக்பாவ பேரரசோட ராஜகுருவா ஆக்கினாரு, அரசனுக்கு உலகம், லாமாவுக்கு தர்மம்னு ரெண்டு தூண் வச்ச ஒரு அரசியல் தத்துவமே அங்க இருந்துச்சு.

வெண்பனி:
இழைய முதல்ல இருந்து படிச்சேன், ரெண்டு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு, செங்கிஸ் கான் போட்டு வச்ச ஏற்பாட்டுல ஒரே மதம்ங்கற எண்ணத்துக்கே எடம் இல்ல. எல்லாத்துக்கும் மேல நீல வானம், தெங்ரி. கானுக்கு ஆட்சி குடுத்தது அந்த வானம். மத்த எல்லா மத குருமாரும், பிக்கு, தாவோ துறவி, பாதிரியார், முல்லா, அவங்கவங்க சாமிகிட்ட கானுக்காக வேண்டிக்கணும், பதிலுக்கு வரி கெடயாது. 1254ல காரகோரத்துல மோங்கே உத்தரவுப்படி கிறிஸ்தவர், முஸ்லிம், பௌத்தர்னு மூணு தரப்பும் விவாதம் பண்ணாங்க, பிரான்சு ராஜாவோட கடுதாசியோட போன ரூப்ரக் பாதிரியார் அத எழுதி வச்சிருக்காரு. மறுநாள் மோங்கே அவர்கிட்ட சொன்னதா வர்றது, கடவுள் கைக்கு வேற வேற விரல் குடுத்த மாதிரி மனுஷனுக்கு வேற வேற வழி குடுத்திருக்காருனு. இது வெறும் நல்ல மனசு மட்டும் இல்ல. அம்பது விதமான ஜனங்கள ஆளுறவனுக்கு எல்லா சாமியோட ஆதரவும் வேணும். ஒரு மதத்த புடிச்சு மத்தவங்கள தள்ளினா அந்த ஆட்சியோட நியாயமே ஆட்டம் காணும்.

குப்லாய் காலத்துலயும் இதே நெலமதான். சீனாவோட சுவான்சௌ துறைமுகத்துல 1281 தேதி போட்ட தமிழ்க் கல்வெட்டு கெடச்சிருக்கு, நம்ம வணிகர்கள் கட்டின சிவன் கோயிலோடது, செகசை கானோட (குப்லாய்னு கருதுறாங்க) ஃபர்மான், அதாவது ஆணை, பேருல, அவர் உடம்பு நல்லா இருக்கணும்னு சம்பந்தப் பெருமாள்ங்கறவர் சிவன பிரதிஷ்டை பண்ணதா அதுல இருக்கு. பக்பா ராஜகுருவா ஆகி பதினோரு வருஷம் கழிச்சு, அதே யுவான் அரசுல (சீனாவுல குப்லாய் நிறுவின ஆட்சி), கானுக்காக சிவன் கோயில்ல வேண்டுதல். இந்த ஏற்பாட்ட விட்டுட்டு ஒரே மதம்னு போக குப்லாய்க்கு என்ன அவசியம்?

ரெண்டாவது, திபெத்திய பௌத்தம்னு ஒண்ணா சொல்றோம், ஆனா அது அப்ப ஒண்ணா இல்ல. திபெத்து பிரிவுகளயே மங்கோலிய இளவரசர்கள் பங்கு போட்டுக்கிட்டாங்க. மோங்கேக்கு திரிகுங் பிரிவு, ஹுலாகுவுக்கு பக்மோத்ரு பிரிவு, குப்லாய்க்கு முதல்ல சல்பா, அப்புறம்தான் பக்பாவோட சாக்யா. மேய்ச்சல் நெலத்தப் பிரிச்ச மாதிரியே மடங்களயும் பிரிச்சிருக்காங்க. அதோட விளைவு என்ன தெரியுமா, 1290ல சாக்யா தரப்பு மங்கோலியப் படையோட போயி திரிகுங் மடத்த எரிச்சுது. கர்மபாங்கற லாமா பரம்பரைல ரெண்டாமவர் கர்ம பக்‌ஷி, மோங்கேக்கு நெருக்கமா இருந்தவர், அரிக் போகே பக்கம் சாஞ்சாருங்கற சந்தேகத்துல குப்லாய் அவர புடிச்சு சித்திரவதை பண்ணாரு. குடும்பச் சண்டை எப்படி பிரிஞ்சுதோ அப்படியே பௌத்தமும் பிரிஞ்சுது.

குதிரைக்காரன்:
வெண்பனி அக்கா அருமையா எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரு சந்தேகம், ஈரான்ல கஸான் ஏன் மாறினாரு? அவரும் பௌத்தராத்தான வளந்தாரு?

பட்டுப்பாதை:
ஆமா ப்ரோ, பௌத்தராத்தான் வளந்தாரு, குராசான்ல ஆளுநரா இருந்தப்ப அவரே விகாரை கட்டியிருக்காரு. 1295ல பதவிக்கு பைதுவோட போட்டி. நவ்ரூஸ்னு ஒரு பெரிய தளபதி, ஏற்கனவே முஸ்லிம், நீங்க மாறினா நான் உங்க பக்கம்னு நிக்கிறாரு. ஆனா இத வெறும் பேரமா மட்டும் பாக்கக் கூடாது. அதுக்குள்ள ஈரான்ல இருந்த மங்கோலியச் சிப்பாய்ல பெரும்பாலானவங்க முஸ்லிமா ஆயிட்டாங்க. முப்பத்தஞ்சு நாப்பது வருஷமா முஸ்லிம் ஊருங்களுக்கு நடுவுல குடும்பத்தோட வாழுறாங்க, பக்கத்துல சூஃபிகள் இருக்காங்க, பொண்ணு எடுக்கறது குடுக்கறது எல்லாம் நடக்குது. கீழ இருந்து மாறிட்டே வந்து கடைசிலதான் கான் மாறினாரு. பௌத்தம் அங்க அரசவையோட நின்னுபோச்சு, வெளில ஒரு கிராமம் கூட அத ஏத்துக்கிட்டதா தெரியல. பிக்குகளும் திபெத், காஷ்மீர், உய்குர் நாட்டுல இருந்து வந்தவங்க, கானோட காசுல இருந்தவங்க. கஸான் மாறின உடனே விகாரைகள இடிக்கச் சொல்லி உத்தரவு, பிக்குகள் ஒண்ணு மாறணும் இல்ல நாட்ட விட்டுப் போகணும். ஒரே ஆணைல எல்லாம் முடிஞ்சுபோச்சு. வேர் இருந்திருந்தா அப்படி முடிஞ்சிருக்காது.

அர்குனோட சாவு வேற பௌத்தத்துக்கு கெட்ட பேர் வாங்கிக் குடுத்துச்சு. இந்தியாவுல இருந்து வந்த ஒரு யோகி ஆயுள நீட்டிக்கறேன்னு கந்தகமும் பாதரசமும் கலந்த மருந்து குடுத்து, மாசக்கணக்குல அத சாப்பிட்டு உடம்பு கெட்டுச்சுனு ஈல்கான் அமைச்சரும் வரலாற்றாளருமான ரஷீத் அல்-தீன் எழுதியிருக்காரு. இதுல மனச கஷ்டப்படுத்துற விஷயம், அதே ரஷீத் அல்-தீன்தான் காஷ்மீர் பிக்கு கமலஸ்ரீய பக்கத்துல வச்சுக்கிட்டு புத்தரோட வாழ்க்கைய தன்னோட உலக வரலாறுல சேத்தாரு. விகாரைங்க போயி கொஞ்ச வருஷத்துலயே அந்தப் பக்கங்கள் எழுதப்பட்டுச்சு. ஈரான்ல அந்த பௌத்தத்தோட மிச்சத்துல எனக்கு ரொம்ப பெருசா தெரியறது அதுதான்.

கடலோடி:
இதோட 1304ஐயும் சேத்து யோசிங்க. கய்து செத்தப்புறம் நாலு பக்கமும் சமாதானம் பேசி, யுவான்ல இருந்த தெமூர்தான் பெரிய கான்னு பேருக்காவது ஒத்துக்கிட்டாங்க. ஈரான்ல இருந்த ஒல்ஜெய்த்து 1305ல பிரான்சு ராஜாவுக்கு எழுதின கடுதாசில நாங்க எல்லாரும் ஒண்ணாயிட்டோம்னு பெருமையா சொல்றாரு. ஒல்ஜெய்த்து முஸ்லிம், தெமூர் பௌத்தம், டோக்தா ரெண்டும் இல்லாத பழைய வழி. மதம் நல்லா பிரிஞ்சு நின்ன நேரத்துலதான் அந்த ஒத்துமை வந்துச்சு. ரொம்ப நாள் நிக்கல, ஆனா வந்துச்சு.

ஸ்டெப்பிவாசி:
சரி, 13ஆம் நூற்றாண்டுல பௌத்தம் மேலாப்புல அரசவைல மட்டும் இருந்துச்சுங்கறத ஏத்துக்கறேன், அதனாலதான் என் கேள்விய விடாம புடிச்சிருக்கேன், வேர் விட்டிருந்தா என்னங்கறதுதான் கேள்வி. 1368ல யுவான் விழுந்து மங்கோலியர்கள் ஸ்டெப்பிக்கு, அதாவது புல்வெளிக்கு, திரும்பினப்ப அந்த பௌத்தம் பெரும்பாலும் கரைஞ்சுபோச்சு, ஷாமன்கள் வழி திரும்ப வந்துச்சு. ஆனா ரெண்டாவது தடவ பௌத்தம் வந்தப்ப கதை வேற. 1578ல அல்தான் கான்ங்கற மங்கோலியத் தலைவர் கொக்கோநோர் ஏரிப் பக்கம் திபெத்திய லாமா சோனம் கியாட்சோவ சந்திச்சு தலாய் லாமாங்கற பட்டத்த குடுக்குறாரு. பத்து வருஷத்துக்குள்ள கால்காவுல (வடக்கு மங்கோலியா) அப்தாய் கான் எர்தெனே ஸூ மடத்த காரகோரத்தோட கல்ல எடுத்தே கட்டுறாரு. நாலாவது தலாய் லாமா அல்தான் கானோட வம்சத்துலயே பொறக்குறாரு, மங்கோலியக் குழந்தை. அம்பது அறுபது வருஷத்துல உள்மங்கோலியா, கால்கா, ஒய்ராத்து (மேற்கு மங்கோலியர்) எல்லாம் ஒரே பிரிவு பௌத்தம், தலாய் லாமாவோட கெலுக். செத்தவன் கூட குதிரையயும் ஆளயும் பலி குடுக்கற பழக்கத்த நிறுத்தினாங்க. இத விட பெரிய மத ஒத்துமை ஸ்டெப்பில அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல.

வெண்பனி:
ஆமா, உங்க கேள்விக்கு பதில் தேட வேண்டிய எடம் இதுதான்னு நானும் சொல்றேன். இங்கதான் சோதனை நெஜமாவே நடந்துச்சு. நடந்தத பாருங்க.

லிக்தன் கான், செங்கிஸ் வம்சத்துல கடைசிப் பெரிய கான். எல்லா மங்கோலியரயும் ஒண்ணாக்கணும்னு தவிச்ச மனுஷன், பௌத்தத்த வச்சே அத செய்யப் பாத்தாரு, 1628–29ல கஞ்சூர் (புத்தரோட வாக்குகளோட தொகுப்பு) முழுசயும் மங்கோலிய மொழில கொண்டுவர ஏற்பாடு பண்ணாரு. ஆனா அவர் சாஞ்சது கெலுக் இல்லாத பிரிவுகள் பக்கம். மத்த இளவரசர்கள் அவரோட கடுமை தாங்காம, பின்னாடி சீனாவுல சிங் அரச அமைச்ச மஞ்சுக்கள்கிட்ட போனாங்க. 1634ல கொக்கோநோர் நோக்கிப் போற வழில செத்தாரு. அவர் பக்கம் இருந்த கால்கா இளவரசர் சோக்து தாய்ஜிய 1637ல ஒய்ராத்து குஷி கான் கொன்னாரு, கெலுக்க காப்பாத்துறேன்னு. 1642ல அதே குஷி கான்தான் திபெத்த அஞ்சாம் தலாய் லாமா கைல குடுத்தாரு. மங்கோலியன் மங்கோலியன கொன்னான், ரெண்டு பேரும் பௌத்தன், காரணம் எந்த லாமாங்கறது.

அதுக்கப்புறம் எல்லாரும் கெலுக் ஆனதுக்கு அப்புறமாவது ஓய்ஞ்சுதானா, அதுவும் இல்ல. ஒய்ராத்துல ஒரு பிரிவான ஜுங்கரோட தலைவர் கல்தான் திபெத்துல அஞ்சாம் தலாய் லாமாகிட்ட படிச்சவர், அவரே ஒரு மறுபிறவி லாமா, அண்ணன் கொலையானப்ப துறவ விட்டுட்டு வந்து தலைமை ஏத்தவர். கால்கா பக்கம் ஸனபஸார், முதல் ஜெப்சுந்தம்பா (கால்காவோட தலைமை லாமா), செங்கிஸ் வம்சம், பெரிய சிற்பி. 1686ல கால்கா இளவரசர்கள் சண்டைய தீக்க ஒரு மாநாடு கூட்டினாங்க. அதுல தலாய் லாமா அனுப்பின தூதருக்கு சமமான ஆசனத்துல ஸனபஸார் உக்காந்துட்டாருனு கல்தான் கொதிச்சுட்டாரு. ஆசனத்தோட உயரம்! 1688ல படையோட கால்காவுக்குள்ள வந்து எர்தெனே ஸூவயும் விடல. ஸனபஸார் தன் ஜனங்கள கூட்டிக்கிட்டு தெற்க ஓடி, 1691ல டோலோன் நோர்ல சிங் பேரரசர் காங்ஷிகிட்ட கால்கா மொத்தமா அடங்கிப்போச்சு.

அதாவது மங்கோலியாவோட சுதந்திரம் போனது ரெண்டு கெலுக் லாமாக்களுக்கு நடுவுல வந்த சண்டைல. இத எழுதும்போதே எனக்கு வருத்தமா இருக்கு, ஏன்னா ஸனபஸார் செஞ்ச தாரா சிலைகள படத்துல பாத்தாலே கண்ணு கலங்கும், அப்படி ஒரு கலைஞர்.

குதிரைக்காரன்:
பௌத்தம் வந்துதான் மங்கோலியர்களோட வீரம் போச்சு, அதான் சிங் அரசு ஈஸியா அடக்கிடுச்சுனு ஒரு பேச்சு அடிக்கடி பாக்குறேன், அது சரியா?

கடலோடி:
சரியில்ல ப்ரோ. குஷி கான், கல்தான், அவர் பின்னாடி வந்த ஜுங்கர் தலைவர்கள் எல்லாருமே நல்ல பௌத்தர்கள், யாரும் வாள கீழ வைக்கல. சிங் அரசுக்கே எழுபது வருஷம் கிட்ட தண்ணி காட்டினவங்க ஜுங்கர்கள். தோத்ததுக்கு காரணம் வேற. ரெண்டு பக்கமும் துப்பாக்கியும் பீரங்கியும் வந்தப்புறம் குதிரை வில்லாளிக்கு இருந்த மேன்மை கொறஞ்சுபோச்சு, சிங் தானியத்த பாலைவனம் தாண்டி கொண்டுபோயி சேக்கக் கத்துக்கிச்சு, மேற்கு வழிய ரஷ்யா அடைச்சுது. 1755க்கு அப்புறம் உள்சண்டையும் பெரியம்மையும் படுகொலையும் சேந்து ஜுங்கர் ஜனத்தயே துடைச்சுட்டாங்க. அத மதத்து மேல போடறது செத்தவங்களுக்கு செய்யற அநியாயம்.

சிங் அரசு பௌத்தத்த பிரிச்சு ஆள பயன்படுத்துச்சுங்கறது மட்டும் உண்மை. 1756ல சிங்குன்ஜாவ்ங்கற மங்கோலிய இளவரசர் கிளர்ச்சி பண்ணினதுக்கு அப்புறம், இனிமே ஜெப்சுந்தம்பா மறுபிறவிய திபெத்துலதான் தேடணும்னு சியான்லோங் பேரரசர் உத்தரவு போட்டாரு. ஏன்? செங்கிஸ் ரத்தமும் லாமா ஆசனமும் ஒரே ஆள்கிட்ட சேந்தா ஆபத்துனு தெரிஞ்சுதான். மங்கோலியர்கள ஒண்ணாக்கற சக்தி பௌத்தத்துக்கு இருந்துச்சுனு எல்லாத்த விடயும் நல்லா புரிஞ்சு வச்சிருந்தது பீகிங்லதான்.

ஸ்டெப்பிவாசி:
கடலோடி நீங்க கடைசில சொன்னதுதான் எனக்கு வேணும்! 1640ஐ யாரும் சொல்லலயே. கால்கா இளவரசர்களும் ஒய்ராத்து இளவரசர்களும் சேந்து உக்காந்து ஒரு பொதுச் சட்டம் போட்டாங்க, வோல்கா பக்கம் போயிட்ட கல்மீக் (ஒய்ராத்து கிளை) தலைவர் வரைக்கும் வந்தாரு. ஒருத்தர ஒருத்தர் தாக்கினா மத்தவங்க எல்லாம் சேந்து அடிக்கணும், ஷாமன கூப்பிட்டு பூஜை பண்ணா அபராதம், லாமாவ அவமதிச்சா தண்டனை. லாமாக்கள சாட்சியா வச்சு போட்ட சட்டம். பௌத்தம் இல்லாம இந்த ரெண்டு தரப்பும் ஒரே எடத்துல உக்காந்திருக்கவே மாட்டாங்க.

பட்டுப்பாதை:
உக்காந்தாங்க, அம்பது வருஷம் கூட ஆகறதுக்குள்ள கல்தான் கால்கா மேல பாஞ்சாரு. சட்டத்த நிறைவேத்த மேல ஒரு ஆள் இல்ல, அதான் சிக்கல். செங்கிஸ் கானோட சொத்து எல்லா பசங்களுக்கும் பங்குங்கற வழக்கத்த எந்த மதமும் தொடல. அடுத்த கான் யாருங்கறதுக்கு தெளிவான விதி இல்லாத வரைக்கும் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சண்டை. பௌத்தம் அதுக்கு ஒரு பதில் வச்சிருந்துச்சு, மறுபிறவி, ஆனா அது லாமா ஆசனத்துக்கு மட்டும்தான், கானோட ஆசனத்துக்கு இல்ல.

வெண்பனி:
அது ரெண்டும் ஒண்ணா சேந்த ஒரே தடவ 1911. சிங் அரசு ஆடிப்போன நேரம், எட்டாவது ஜெப்சுந்தம்பாவ டிசம்பர் 29ஆம் தேதி உர்காவுல (இன்னிக்கு உலான்பாதர்) போக்த் கானா, அதாவது புனித அரசரா, அரியணை ஏத்தினாங்க. பொறப்பால திபெத்தியர், செங்கிஸ் வம்சமே இல்ல, ஆனாலும் கால்காவோட நாலு பிரிவு இளவரசர்களும் அவருக்கு அடங்கினாங்க, ஏன்னா ஒரு இளவரசன் இன்னொரு இளவரசனுக்கு அடங்க மாட்டான், லாமாவுக்கு எல்லாரும் அடங்குவாங்க. உள்மங்கோலியாவுல இருந்த 49 கொடிப்பிரிவுகள்ல (நிர்வாகப் பிரிவுகள்) பாதிக்கு மேல அவர் பக்கம் வர்றோம்னு சொல்லி அனுப்பிச்சுது. 1913ல படை தெற்க போயி பல எடத்த புடிச்சுது. ஸ்டெப்பிவாசி, நீங்க கேட்ட கேள்விக்கு வரலாறு குடுத்த நெருக்கமான ஆமாம் இதுதான்.

அது பாதில நின்னுபோனது எதனால? மதத்தாலயும் இல்ல, குடும்பத்தாலயும் இல்ல. உள்மங்கோலியாவ ஆளுக்கு ஒரு பக்கம் செல்வாக்குப் பகுதியா ரஷ்யாவும் ஜப்பானும் 1912லயே ரகசியமா பிரிச்சுக்கிட்டாங்க. துப்பாக்கியும் கடனும் ரஷ்யாகிட்ட இருந்துதான் வரணும், அவங்க படைய திரும்பக் கூப்பிடுனு சொன்னாங்க, போக்த் கான் கூப்பிட்டாரு. 1915ல கியாக்தா ஒப்பந்தத்துல கால்காவுக்கு தன்னாட்சி மட்டும், உள்மங்கோலியா சீனாவோட.

ஸ்டெப்பிவாசி:
வெண்பனி, இது போதும் எனக்கு, மனசு நெறஞ்சுது. 1911ஐ பத்தி தனி இழை போடுறேன், புர்யாத் லாமா தோர்ஜியேவ் 1913ல உர்காவுல திபெத் சார்பா கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல இருந்து தொடங்கலாம்னு இருக்கேன். பட்டுப்பாதை, கடலோடி, ரெண்டு பேரும் கட்டாயம் வரணும்.